டப்பாவுல யாரு பேரு?

வா தாயி, உக்காரு. அந்தப் பக்கம் வேண்டாம், எறும்பு ஊருது. கேள்விப்பட்டேன், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஐஸ் குச்சி போட்டு, குச்சிக்கு ஒரு பிள்ளை பேரு எழுதி வச்சிருக்கியாம்ல. கேள்வியைக் கேட்டுட்டு ஒரு குச்சியை உருவுவியாம். பேரு வந்த பிள்ளை எந்திரிச்சு பதில் சொல்லணுமாம்.

உனக்கு எதுக்கு இந்த வேண்டாத சோலி? நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு. முன்வரிசையில நாலு பேரு, நீ வாயைத் தொறக்குமுன்ன கையைத் தூக்குவாங்க. கேட்ட, சொன்னாங்க, பாடம் முடிஞ்சது. மிச்சம் முப்பத்தாறு பேரும் சன்னல் வழியா காக்காயை எண்ணிக்கிட்டிருந்தாங்க. உனக்கும் நிம்மதி, பிள்ளைகளுக்கும் நிம்மதி, காக்காய்க்கும் பேச்சுத்துணை.

நான் அஞ்சாப்பு வரைக்கும் அப்படித்தான் ஓட்டினேன். வாத்தியார் கேள்வி கேக்குற நேரம் பாத்து பலப்பத்தைக் கீழ போட்டுருவேன். குனிஞ்சு தேடி நிமிர்றதுக்குள்ள கர்ணம் மகன் பதிலைச் சொல்லி முடிச்சிருப்பான். அஞ்சு வருசத்துல வாத்தியார் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது ஒரே தடவை. அதுவும் குடிக்கத் தண்ணி மோந்துட்டு வரச்சொல்லி.

சரி, ஆரம்பிச்சுட்ட. இருபது வருசம் குலுக்குச் சீட்டு பிடிச்சவன் சொல்றேன், கேட்டுக்க. குச்சியை நீ எடுக்காத. எடுக்குறவ நீயா இருந்தா, பேரைப் பாத்ததும் 'அய்யோ இவன் முழிப்பானே'னு நெனச்சு, வாய்ல வேற பேரைச் சொல்லிருவ. இல்லேங்காத. நான் செஞ்சிருக்கேன். மச்சினன் வீட்டுல கல்யாணம்னு ஒரு மாசம் அவன் சீட்டை மட்டும் நாலா மடிச்சுப் போட்டேன். எடுக்க வந்த பொடியன்கிட்ட "தடிப்பா இருக்குறதை எடு, மிட்டாய் தாரேன்"னேன். குலுக்கல் சுத்தமா நடந்துச்சுன்னு ஊரே சொல்லுச்சு.

மகளைக் காஞ்சிபுரம் பக்கம் குடுத்தோம்ல, போனப்ப உத்திரமேரூர்ல வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் காட்டினாங்க. பராந்தக சோழன் காலத்துல 919-ல ஊர்ச்சபைக்கு ஆளைக் குலுக்கி எடுக்க ஒரு விதி வெட்டியிருக்காங்க. அது பத்தலைன்னு 921-ல திருத்தி மறுபடி வெட்டியிருக்காங்க. ரெண்டே வருசம் பாத்துக்க. குடும்புன்னா ஊர்ல ஒரு பகுதி, அப்படி முப்பது. ஓலையில பேரெழுதி குடத்துல போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. அதை வாங்குற மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். விரலை மடக்குனா என்ன நடக்கும்னு விதி எழுதினவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கும் தெரியும். அந்தப் பையனுக்கு யாராச்சும் மிட்டாய் வாங்கிக் குடுத்தாங்களானு மட்டும் கல்லுல இல்ல.

ஆனா ஒண்ணு. குடத்துல எல்லாரு பேரும் கிடையாது. கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும். உழுத கூலிக்காரன் பேரு ஓலைக்கே வரல. குலுக்கல் நேர்மைதான், குடம்தான் சின்னது. அதனால பாட்டில்ல நாப்பது குச்சியும் இருக்கானு எண்ணிப்பாரு. கல்வி அதிகாரி வர்ற அன்னைக்கு மட்டும் நல்லாப் படிக்கிற பத்து பேரு குச்சி போட்ட பாட்டில் தனியா ஒண்ணு வச்சுக்குவாங்களாம் சில டீச்சருங்க. உன்னைச் சொல்லல தாயி, ஏன் சிரிக்கிற?

எடுத்த குச்சியைத் திருப்பிப் போடுறியா, வெளிய வச்சுடுறியா? வெளிய வச்சா என் சீட்டுக் கதைதான். சீட்டை எடுக்குற வரைக்கும் முதல் தேதியே பணத்தோட வந்து நிப்பான். எடுத்துட்டான்னா அடுத்த மாசம் அவன் வீட்டுக் கதவைத் தட்டுனா "அவரு ஊர்ல இல்ல"னு பொண்டாட்டி குரல் வரும். பேரு வந்து போன பிள்ளையும் அதேமாதிரி ஊர்ல இருக்காது. சரி, திருப்பிப் போட்டா? பேரன் கணக்குப் போட்டுச் சொன்னான்: நாப்பது பேரு இருக்குற வகுப்புல நாப்பது தடவை எடுத்தாலும் ஏறக்குறைய பதினாலு, பதினஞ்சு பேரு தப்பிச்சிருவாங்களாம். எல்லாரு பேரும் ஒரு தடவையாச்சும் வரணும்னா சராசரியா 171 தடவை உருவணுமாம். அதுக்குள்ள முழுப் பரீட்சையே வந்துரும்.

அதுக்கும் ஒரு கள்ளத்தனம் இருக்கு. பாட்டிலை விட்டுட்டு பெரிய டப்பாவா எடு. உள்ள ஒரு சின்ன டம்ளரை ஒட்டி வை. முடிஞ்ச குச்சி டம்ளருக்குள்ள, முடியாதது வெளிய. பாக்குற பிள்ளைக்கு எல்லாம் ஒரே டப்பாதான். அப்பப்ப டம்ளர்ல இருந்தும் ஒண்ணை உருவு. ஒருத்தனும் தூங்கமாட்டான்.

அப்புறம் அந்த வெள்ளைக்காரம்மா பேரு என்ன, மேரி பட் ரோ. நீதான சொன்ன, கேள்வி கேட்டுட்டு டீச்சருங்க ஒரு விநாடிதான் பொறுக்குறாங்கனு அமெரிக்காவுல அளந்து பாத்தவங்க. மூணு விநாடி பொறுத்தா பேசாத பிள்ளையும் பேசுதுன்னாங்களாமே. மாடு தொட்டியில வாய் வைக்கவே அதுக்கு மேல ஆகும். அதனால கேள்வி முதல்ல, பொறுமை அப்புறம், குச்சி கடைசியில. பேரை முதல்ல சொன்னா மத்த முப்பத்தொம்பதும் காக்காய்கிட்ட போயிரும்.

கேள்விப்பட்டது நெசமானு அன்னைக்கு நான் சன்னலோரம் நின்னு பாத்தேன். மூணாவது வரிசைப் பிள்ளை, ஆடு மேய்க்கிறப்ப ஆட்டோட நாள்பூரா பேசுமே, அது பேரு வந்துச்சு. மண்பானைத் தண்ணி ஏன் குளிருதுன்னு கேட்ட. எந்திரிச்சு பாவாடையைத் திருகிச்சு. "தெரியல டீச்சர்"னுச்சு. நீ திட்டல. வேற ரெண்டு பேரைக் கேட்டுட்டு மறுபடி அதுகிட்ட வந்த. "பானை வேர்க்குது டீச்சர், வேர்த்துக் காஞ்சா நமக்குக் குளிரும்ல, அப்படி"ன்னுச்சு. முன்வரிசை நாலும் திரும்பிப் பாத்துச்சு. அந்தக் குரலை அவங்க அன்னைக்குத்தான் கேட்டாங்கபோல.

அதெல்லாம் சரி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் பெரியவங்க பேரு எழுதின குச்சியை ஒரு டப்பாவுல போட்டுத் தூக்கிட்டு வந்த பாரு, அது எதுக்கு? மூணு கூட்டமா குச்சி எடுக்குற. தையல்காரம்மா பேசியாச்சு, சத்துணவு ஆயா பேசியாச்சு, வாயே தொறக்காத கொத்தனார்கூட கக்கூஸ் கதவைப் பத்தி கால்மணி நேரம் பேசிட்டாரு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா இந்த ஊர்க் கூட்டத்துல முதல்ல பேசுறவன் நான். என் பேரு ஒரு தடவைகூட வரல. டப்பாவுல போட்டிருக்கியா இல்லையா? கொண்டா இங்க, திண்ணையில கொட்டு. எண்ணிப் பாப்போம்.