திருப்புளியும் புளியும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு எழுதத் தெரியாதவர்கள் குறைவு. கலெக்டர் ஆபீஸும் கோர்ட்டும் இங்கேதான். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் மாவட்டமே மனுவும் கையுமாக வந்து இறங்கும். இந்த ஊர்க் காற்றிலேயே நிற்பதாலோ என்னவோ, என் வண்டியும் குறைகளை வகை பிரித்துத்தான் சொல்கிறது. உதைத்தால் கிளம்பி, ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்தால் அது ஸ்லோ ஜெட்டின் மனு. கெடிலம் பாலத்தில் முழு வேகம் கேட்கும்போது முக்கினால் மெயின் ஜெட்டின் மனு. நிறுத்திய இடத்தில் பெட்ரோலைச் சொட்டிக் கோலம் போட்டால் மிதவையும் அதன் ஊசியும் சேர்ந்து போட்ட கூட்டு மனு. மூன்றும் போய்ச் சேர வேண்டிய அலுவலகம் ஒன்றுதான்: கார்புரேட்டர்.

வண்டி தொண்ணூறுகளின் கடைசியில் டி.என். 31 எண் வாங்கிய நூறு சிசி. அந்தக் காலத்து விளம்பரம் ஒன்று, பெட்ரோலை நிரப்பு, மூடு, மற என்று சொல்லிக் கொடுத்தது. ஊரே மறந்தது. பெட்ரோல் மட்டும் மறக்கவில்லை. ஓடாமல் நிற்கிற வண்டியில் அது மெல்ல ஆவியாகிப் போகும்போது, போகாத பாகத்தைப் பழுப்புப் பிசினாகக் கார்புரேட்டரின் கிண்ணத்தில் விட்டுவிட்டுப் போகிறது. தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று தன் பங்குக்கு உப்பையும் ஈரத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது.

இப்போது எத்தனால் வேறு. கடலூர்க்காரன் இருபது சொச்சம் கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் புதுச்சேரிக்குப் போய்த் திரும்பினால், 'பெட்ரோல் விலை கம்மி, அதான் போட்டுட்டு வந்தேன்' என்பான். கேட்பவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். இனி சிரிக்க வேண்டாம். நாட்டில் விற்கிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு ஆல்கஹால்தான். 2025-லேயே அந்த இலக்கை எட்டிவிட்டார்கள். கரும்பு, மக்காச்சோளம், அரிசி என்று பலவற்றிலிருந்து அது வருகிறது. நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு லாரியைப் பின்னால் நின்று பார்க்கும்போதெல்லாம் என் வண்டிக்கு வாய் ஊறுகிறதோ என்று ஒரு சந்தேகம். எத்தனாலுக்குத் தண்ணீரை ஈர்க்கும் குணம் உண்டு. ஈரம் மிகுந்த கடற்கரை ஊரில், வாரக்கணக்கில் நிற்கும் பழைய வண்டியில், அது தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும், பழைய ரப்பர் வளையங்களை ஊதவைக்கும், பித்தளை ஜெட்டைப் பச்சை பூக்கவைக்கும்.

இத்தனை ரகளையும் ஜெட் என்ற பித்தளைத் துண்டில் இருக்கும் ஒரு துளைக்காக. கெய்ஹின் கம்பெனியின் ஸ்லோ ஜெட்டில் 35 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 0.35 மில்லிமீட்டர். குறுகிய வழியில் நுழையும் காற்றுக்கு வேகம் கூடும், அழுத்தம் குறையும் என்று வென்டூரி என்ற இத்தாலியர் 1797-ல் எழுதிவைத்தார். அந்தக் குறைந்த அழுத்தம்தான் கிண்ணத்துப் பெட்ரோலை இந்தத் துளை வழியே மேலே இழுத்துச் சாரலாக்குகிறது. 1893-ல் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவர் இப்படி ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டார்கள். தெருவில் ஒரு பூக்காரப் பெண் குழாயில் வாய்வைத்து ஊதிப் பூவுக்குத் தண்ணீர் தெளித்ததைப் பார்த்து யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு. பாடலீஸ்வரர் கோயில் வாசலில் பூக்காரம்மா கையாலேயே தெளித்துவிடுகிறார். கார்புரேட்டர் திருப்பாதிரிப்புலியூரில் பிறக்காமல் போனதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, சுத்தம் செய்ய என்னென்ன வேண்டும்? மலிவான கருவிகள் எல்லாமே நம்மைச் சுற்றி இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். காசு மிச்சமாகும், கெஞ்சல்தான் செலவு.

காசு கொடுத்தே தீரவேண்டிய கருவி ஒன்று உண்டு: நல்ல ஸ்டார் திருப்புளி. ஜப்பான்காரர் வடிவமைத்த கார்புரேட்டரில் இருப்பது பார்க்க ஸ்டார் ஸ்க்ரூதான். ஆனால் அந்தப் பள்ளம் ஜப்பான் அளவுக்கு வெட்டியது. சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் முழுக்க இறங்காது. பலம் கொடுத்தால் வெளியே ஏறி வந்து, ஸ்க்ரூவின் தலையை வழித்துவிட்டு, நம் கட்டைவிரலையும் ஒரு கை பார்க்கும். ஜே.ஐ.எஸ். என்று கேட்டு வாங்குவது உத்தமம். லாரன்ஸ் ரோட்டில் கேட்டேன். கடைக்காரர், 'அது எந்த கம்பெனி சார்?' என்றார். கிடைக்காவிட்டால் முனை மழுங்காத புதுத் திருப்புளியை வைத்து, அதன் பிடியில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, நன்றாக அமுக்கித் திருப்ப வேண்டும். ஒரு விதி: திருப்புளியை மட்டும் யாருக்கும் இரவல் தரக்கூடாது. அடுத்த வீட்டில் அது பெயின்ட் டப்பா மூடி திறக்கப் போய்விடும்.

அடுத்தது துளைக்குள் விட ஒரு கம்பி. இங்கேதான் எங்கள் அம்மா வருகிறார். பம்ப் ஸ்டவ் காலத்து ஸ்டவ் பின்கள், தகரப் பட்டையின் நுனியில் மெல்லிய கம்பியோடு, எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டில் இன்னும் இருக்கின்றன. ஸ்டவ் போய்விட்டது, மண்ணெண்ணெய் போய்விட்டது, பின் மட்டும் பென்ஷனில் இருக்கிறது. பழைய மெக்கானிக்குகள் பலர் இதைத்தான் ஜெட்டில் விடுவார்கள். ஆனால் பின் எஃகு, ஜெட் பித்தளை. அடைப்பு நீங்கும், கூடவே துளையும் அகலும். 0.35 என்பது 0.38 ஆனாலே துளையின் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடிவிடும். அப்புறம் மைலேஜ் குறைகிறதே என்று ஆயிலை மாற்றுவோம், பிளக்கை மாற்றுவோம், கடைசியில் பெட்ரோல் பங்கை மாற்றுவோம். அதற்குப் பதில், பழைய அயர்ன் பாக்ஸ் ஒயரை உரித்தால் சுமார் 0.2 மில்லிமீட்டர் செம்புக் கம்பிகள் கத்தையாக வரும். செம்பு பித்தளையைக் கீறாது. ஓசி வேறு.

மூன்றாவது, ஊசி போடும் சிரிஞ்ச். கார்புரேட்டர் உடம்புக்குள் ஓடும் சந்துகளில் பெட்ரோலைப் பீய்ச்ச இதைவிட நல்ல கருவி இல்லை. மருந்துக்கடையில் இரவு நேரத்தில் கேட்டேன்.

'யாருக்கு சார்?'

'வீட்டுல பெரியவருக்கு.'

'என்ன பண்ணுது?'

'காலையில இருமல். தொண்டையில அடைப்பு. கொஞ்சம் ஒழுகுது.'

'டாக்டர் சீட்டு?'

'ஆர்.சி. புக் இருக்கு.'

பத்து எம்.எல். சிரிஞ்ச் கிடைத்தது. ஊசி இல்லாமல்தான் வேண்டும் என்றதும் அவர் முகத்திலும் நிம்மதி வந்தது. அங்கேயே சலைன் டியூபும் ஒரு முழம் வாங்கிவிடலாம். அதைக் கிண்ணத்தின் வடிகாலில் மாட்டி, மறுமுனையைக் கார்புரேட்டர் ஓரமாக மேலே தூக்கிப் பிடித்து, வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தினால், உள்ளே பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் டியூபிலும் நிற்கும். கொத்தனார் தண்ணீர் டியூபைப் பிடித்து வீட்டுக்கு மட்டம் பார்ப்பதும் இதே கணக்குத்தான். மிதவை சரியான உயரத்தில் மூடுகிறதா என்று திறக்காமலே தெரிந்துவிடும்.

நான்காவது, காற்று. பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் கிடைத்தால் ராஜபோகம். ஆனால் மிதவையையும் ரப்பர் வளையங்களையும் கழற்றாமல் ஊதக் கூடாது. ஏர் ஸ்க்ரூவின் ஸ்பிரிங் பறந்தால் கடைக்காரரும் சேர்ந்து குனிந்து தேடுவார். அவர் எடுப்பது எப்போதும் வேறு யாருடைய வண்டியின் ஸ்பிரிங்காகவோதான் இருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று பையில் இருந்தால் ஸ்பிரிங் ஒட்டிக்கொள்ளும். பித்தளை ஜெட் ஒட்டாது. அதற்காகத்தான் தரையில் வெள்ளை வேட்டி விரிப்பது. வேட்டி யாருடையது என்பது தனிப் பஞ்சாயத்து. கழற்றும் முன் ஏர் ஸ்க்ரூவை உள்பக்கம் மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிச் சுவரில் எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் வராந்தாச் சுவரில் 'ஒண்ணரை' என்று இருக்கிறது. வட்டிக் கணக்கு என்று நினைத்துப் போகிற உறவினர்கள் இருக்கிறார்கள்.

கார்புரேட்டர் ஸ்பிரே ஒரு டப்பா சில நூறு ரூபாய். வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு அடிக்க வேண்டும். ஒரு துளையில் அடித்தது எந்தத் துளை வழியே திரும்பி வரும் என்று கார்புரேட்டரைச் செய்தவருக்கே தெரியாது. ரப்பர் மேல் படக்கூடாது. பூஜை விளக்கு எரிகிற பக்கம் போகவே கூடாது. இதைவிட உயர்ந்த வகுப்பு அல்ட்ராசோனிக் தொட்டி. நகைக்கடையிலும் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் சிறியது வைத்திருப்பார்கள். கண்ணாடிக் கடையில் ஜெட்டுகளைக் கைக்குட்டையில் பிரித்துக் காட்டினேன். 'பவர் என்ன சார்?' என்று கேட்டார் கடைக்காரர். 'முப்பத்தஞ்சு' என்றேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

அங்கே முடியாமல் போனதைத்தான் அம்மா முடித்துவைத்தார். பச்சை பூத்த ஜெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, 'பித்தளைதானேடா? இதுக்கா ஊரெல்லாம் சுத்தற?' என்று ஒரு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்துக் கொடுத்தார். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் குத்துவிளக்கின் களிம்பைக் கரைக்கிறதல்லவா, ஜெட்டிடம் மட்டும் என்ன பாரபட்சம்? சிறிது நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியதும் பளபளவென்று வந்தது. ஜெட்டுக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கார்புரேட்டர் உடம்பைப் புளியில் போட்டால் அமிலம் அதையும் தின்னும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு புது பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்டருக்கு மாறிவிட்டன. சென்சாருக்குப் புளி உதவாது என்பதால் அந்த உலகம் எனக்கு அந்நியம்.

வண்டி இப்போது சிக்னலில் அணையாமல் நிற்கிறது. சிக்கல் வேறு பக்கம் கிளம்பியிருக்கிறது. ஜெட்டில் நான் செம்புக் கம்பி விட்டதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அதே கம்பியை வாங்கிக் கேஸ் அடுப்பு பர்னரின் துளைகளைக் குத்திப் பார்த்தார். நெருப்பு நீலமாக எழுந்தது. அன்றோடு கம்பிக் கத்தை சமையலறைக்குக் குடிபோய்விட்டது. பிரஷ் கூடவே போனது. சிரிஞ்ச் இப்போது அதிரசத்துக்கு எண்ணெய் அளக்கிறது. அடுத்த முறை கேட்டபோது, 'பால் பொங்கட்டும், இருடா' என்றார். மனு நிலுவையில் இருக்கிறது.