லேபிள் வேறு, மருந்து வேறு

விருதுநகர் மெயின் பஜாரில் மாப்பிள்ளை ஊர்வலம் போகும்போது பேண்டு செட்டில் ட்ரம்போன்காரரை முன்வரிசையில் நிறுத்துவார்கள். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குழலை இழுத்து இழுத்து ஊத வேண்டும். நடுவில் விட்டால் முன்னால் போகிற கிளாரினெட்காரரின் பிடரி புடைத்துவிடும். எட்டு வயதில் சித்தப்பா கல்யாணத்தில் ஆடுகிறேன் பேர்வழி என்று குறுக்கே போய், அந்த இழுப்பில் நானும் ஒரு குட்டு வாங்கினேன். ஜாஸ் என் காதுக்கு வருமுன் மண்டைக்கு வந்துவிட்டது.

இந்த இடப் பிரச்சினைக்கு ஒரு தலபுராணமே உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் நடன விளம்பரத்துக்காகப் பேண்டை வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றிவருவார்கள். நம்மூர் கொட்டகையில் படம் மாறினால் மாட்டு வண்டியில் தட்டி கட்டி நோட்டீஸ் வீசிப் போன மாதிரி. ட்ரம்போன்காரருக்கு வண்டியின் பின்பலகைதான் இடம். கையை நீட்டத் தெருவே காலி. அந்த வாசிப்புப் பாணிக்கே வண்டிப் பின்பலகையின் பேர்தான். இரண்டு வண்டிகள் முச்சந்தியில் எதிர்ப்பட்டுவிட்டால் சக்கரத்தோடு சக்கரத்தைச் சேர்த்துக் கட்டுவார்களாம், தோற்கிற கோஷ்டி நழுவிவிடக் கூடாதே!

பின்பலகைப் பரம்பரையின் பெரிய கை கிட் ஓரி. ட்ரம்போன் ஊதினார், மெட்டுப் போட்டார், பேண்டும் நடத்தினார். 1918-இல் ஆள் குறைந்தபோது ஒரு பொடியனைச் சேர்த்துக்கொண்டார். பேர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1925-இல் அந்தப் பொடியன் சிகாகோவில் ரெக்கார்டு போட்டபோது, பழைய முதலாளி கூலிக்கு வந்து ட்ரம்போன் ஊதினார். 1930களில் பிழைப்பு படுத்ததும் தம்பியோடு சேர்ந்து கோழிப்பண்ணை வைத்தார். 1940களில் கோழியை விட்டுவிட்டுக் குழலுக்கே திரும்பினார். நாமக்கல்லில் பிறந்திருந்தால் திரும்பியிருக்கவே மாட்டார்.

அங்கே ஓரி ஊதிக்கொண்டிருந்த அதே 1920களில், 1923 வாக்கில், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலும் இருந்தது, வெள்ளைக்காரன் ஓட்டல்களில் பேண்டும் இருந்தது. இரண்டு பேரும் ஒழுங்காகத் தீப்பெட்டியைக் கற்றுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். கொஞ்சம் சபலப்பட்டிருந்தால் இன்றைக்குத் திருத்தங்கல் ரோடு முழுக்க ட்ரம்போன் பட்டறையாக இருந்திருக்கும். தீபாவளிக்கு ஊதித் தொலைத்திருப்போம்.

சபலப்பட்டவர்கள் கோவாக்காரர்கள். போர்ச்சுக்கீசியர் காலத்தில் அங்கே சர்ச் பள்ளிக்கூடங்களில் பையன்களுக்கு நோட்ஸ் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜெபத்துக்காகச் சொல்லிக்கொடுத்தது, பையன்கள் அதை வைத்து ஓட்டல் ஓட்டலாக ஜாஸ் வாசித்தார்கள். அதில் ஒருவர் 1916-இல் அல்டோனா கிராமத்தில் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ். மகன் மெக்கானிக் ஆக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மகனோ ஆம்ஸ்ட்ராங் ரெக்கார்டைக் கேட்டுக் கெட்டுப்போனார். டிரம்பெட், கரகரத்த குரல், கையில் வெள்ளைக் கைக்குட்டை என்று அப்படியே நகலெடுத்து, பம்பாயில் சொந்தமாகப் பேண்டு கட்டி, சிக் சாக்லேட் என்று பேரும் வைத்துக்கொண்டார். தீபாவளி மத்தாப்புப் பெட்டிக்கு வைக்க வேண்டிய பேர்!

அவரைச் சினிமாவுக்குள் இழுத்தவர் சி. ராம்சந்திரா. இந்த மராத்திக்காரர் இசையமைப்பாளராகக் கணக்குத் தொடங்கியதே 'ஜெயக்கொடி', 'வனமோகினி' என்ற தமிழ்ப் படங்களில்தான். சமையல் பழகுகிறவர் பக்கத்து வீட்டு அடுப்பில் பழகினால் தீய்ந்தாலும் நஷ்டமில்லை. இரண்டு படத்தையும் இயக்கிய பகவானே 1951-இல் இந்தியில் 'அல்பேலா' எடுத்தார். இசை ராம்சந்திரா, அவருக்கு உதவி சிக் சாக்லேட். சிக்கும் அவர் கோஷ்டியும் சுருக்கு வைத்த சட்டையோடு திரையிலேயே வந்து ஊதினார்கள். பாட்டு வரி ஒன்றில் நெருப்பு பற்றி எரிந்தது. 1953-இல் அந்தப் படம் 'நல்ல பிள்ளை' என்று தமிழ் பேசிற்று. ஓரியிடமிருந்து ஆம்ஸ்ட்ராங், ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து சிக், சிக்கிடமிருந்து சினிமா. சினிமாப் பாட்டு கல்யாண பேண்டுக்கு வர எத்தனை நாளாகும்?

அந்தக் காலத்துப் பம்பாயில் இசையமைப்பாளர் மெட்டை முனகுவார். கோவாக்காரர் அதை நோட்ஸாக எழுதி, யார் எங்கே ஊத வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பார். சிவகாசிக்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பட்டாசுக் கட்டின் லேபிளில் ஒரு நடிகை சிரிப்பார். உள்ளே மருந்து அடைத்துத் திரி வைத்தது யாரோ ஒரு மதினி. வெடிக்கிறது என்னவோ மதினி அடைத்த மருந்துதான். சிக்குக்கும் சில முறை லேபிள் கிடைத்தது; 1951-இல் 'நாதான்' படத்துக்கு அவரே இசை. ஆனால் ஊர் பாடியது 'அல்பேலா'வை. 1967-இல் அவர் காலமானார்.

சித்தப்பா கல்யாணப் பத்திரிகை இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. சிவகாசி அச்சு, மஞ்சள் மங்காத தாள். தாய்மாமன்மார் மட்டும் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் சண்டையில் கல்யாணத்துக்கே வரவில்லை. என் மண்டையில் குட்டியவர் பேரைத் தேடிப் பார்த்தேன். கடைசி வரியில், பந்தி நேரத்துக்குக் கீழே, 'பேண்டு செட் உண்டு' என்று போட்டிருக்கிறது.