விருந்தும் மருந்தும் குறும்படகும்: கால்வாய்வழி உறவாடல் பற்றிய ஓர் ஆய்வு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று விதித்த நம் முன்னோர், நான்காம் நாள் என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டுவிட்டனர். சட்டம் இருக்கிறது, அதை நிறைவேற்ற அதிகாரி இல்லை. மருந்துக்காவது புட்டி காலியாகிவிடும் என்ற எல்லை உண்டு. விருந்துக்கு அதுவும் இல்லாததால், ‘ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சா?’ என்று கரிசனத்தோடு விசாரிப்பது போன்ற நயமற்ற உத்திகளையே உலகம் நம்பியிருக்கிறது. இந்தக் குறையைத் தீர்த்த பெருமை, இங்கிலாந்தின் கால்வாய்களில் படகோட்டித் திரியும் ஓய்வுபெற்ற தம்பதியருக்கு உரியது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ படகில் குடியேறும் இவர்கள் அமைதியை நாடிப் போகிறார்கள் என்பது பொதுக்கருத்து. அமைதிதான் வேண்டுமென்றால் தொலைபேசியை அணைத்தால் போதும். இவர்கள் வாங்குவது, உறவினரை வரவழைத்து, வேலை வாங்கி, உரிய காலத்தில் வழியனுப்பும் ஓர் இயந்திரம் என்பது நம் துணிபு.

இயந்திரத்தின் அளவுகளை முதலில் காண்போம். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி, ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாயின் லாக்குகளுக்கு ஏழடி அகலத்தை வகுத்தார். லாக் என்பது இரு முனையிலும் கதவுள்ள தொட்டி. நீரை நிரப்பினால் உள்ளே நிற்கும் படகு உயரும், வடித்தால் தாழும். அதற்குள் நுழைய வேண்டிய படகின் அகலம் 6 அடி 10 அங்குலத்தோடு நின்றுவிட்டது. நீளமோ எழுபது அடியைத் தொடலாம். அன்று நிலக்கரி சுமந்த அதே வடிவத்துக்குள்தான் இன்று சமையலறை, குளியலறை, படுக்கையறை எல்லாம் வரிசையாக நிற்கின்றன. விருந்தினருக்கென்று தனிக் கட்டில் அரிது. சாப்பாட்டு மேசையை இறக்கி, இருக்கை மெத்தைகளை அதன்மேல் பரப்பினால் அதுவே கட்டில். இதில் பொதிந்துள்ள ஞானத்தை ஆய்வாளர் கவனிக்க வேண்டும்: விருந்தாளி எழுந்தால்தான் மேசை, மேசை வந்தால்தான் காலை உணவு. நிலத்து வீட்டில் பத்து மணிவரை உறங்கும் மருமகனை எழுப்பும் துணிவு எந்த மாமியாருக்கும் வந்ததில்லை. படகில் அந்தப் பழியை மேசை ஏற்றுக்கொள்கிறது.

அடுத்த சான்று உழைப்பு. படகில் இருவர் மட்டும் இருந்தால் ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் கரையில் இறங்கி, விண்ட்லஸ் என்னும் வளைந்த இரும்புக் கைப்பிடியால் மதகுப் பலகைகளைத் திருகி உயர்த்தி, நீர்மட்டம் சமமானதும் கதவின் நீண்ட மரக்கையை முதுகால் தள்ளித் திறக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் மூட வேண்டும். வொர்ஸ்டர்–பர்மிங்காம் கால்வாயில் டார்டிபிக் என்ற இடத்தில் இப்படிப்பட்ட லாக்குகள் இரண்டேகால் மைலுக்குள் 30 இருக்கின்றன. படகு அங்கே சுமார் 220 அடி ஏறுகிறது. முழங்கால் தேய்ந்த வயதில் இதைப் பார்க்கும் தம்பதிக்கு மகன் மீது திடீரென்று பாசம் பெருகுவதில் வியப்பில்லை. அழைப்பின் உருக்கம் வழியிலுள்ள லாக்குகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது நம் முதல் விதி. லாக்கே இல்லாத நெடுவெளியில் செல்லும்போது ‘சௌகரியப்பட்டால் வாருங்கள்’ என்றிருக்கும் செய்தி, டார்டிபிக் நெருங்கும்போது ‘எங்கள் கண்ணிலேயே நிற்கிறீர்கள்’ என்று மாறும். இதில் சுரண்டல் ஏதுமில்லை. நம் ஊரில் வந்த விருந்தாளியிடம் துடைப்பத்தைக் கொடுத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். விண்ட்லஸைக் கொடுத்தால் அவர் அதைப் பட்டமாக ஏற்று, கையில் பிடித்தபடி படமும் எடுத்துக்கொள்கிறார்.

மூன்றாம் சான்று வருகையும் புறப்பாடும் பற்றியது. நிலையான தங்குமிடம் இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கலாகாது என்று 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிகள் சட்டம் கூறுகிறது. ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டுவது என்ற தொன்மையான கொடுமைக்கு இங்கே இடமில்லை. தட்டுவதற்குக் கதவு போன மாதம் இருந்த இடத்தில் இருக்காது. வருபவர் கேட்டுக்கொண்டுதான் வரவேண்டும். அவருக்குக் கிடைப்பது தெருப்பெயரல்ல, கால்வாய்ப் பாலத்தின் எண். வந்தவர் அந்தப் பாலத்தருகே காரை நிறுத்திவிட்டுப் படகேறுகிறார். உச்ச வேகம் மணிக்கு 4 மைல். கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போது அதனினும் குறைவு. ஒரு லாக்கை ஒரு மைலாக எண்ணிப் பயண நேரத்தைக் கணக்கிடுவது படகோட்டிகள் வழக்கம். இரண்டு நாள் உழைத்துப் பதினைந்து இருபது மைல் தள்ளிப் போனதும், விருந்தினர் உள்ளத்தில் மெல்ல ஒரு கவலை முளைக்கிறது: கார் அங்கே இருக்கிறது. இனி ஒவ்வொரு மணி நேரமும் டாக்சிக் கட்டணத்தை உயர்த்தும். ‘நாங்கள் கிளம்புகிறோம்’ என்ற சொல் அவர் வாயிலிருந்தே வருகிறது, ‘அதற்குள்ளாகவா?’ என்று கேட்கும் வாய்ப்பு தம்பதிக்குக் கிடைக்கிறது. விருந்தோம்பல் வரலாற்றில் இதைவிட நேர்த்தியான பாத்திர மாற்றம் இல்லை.

இவை போதாதென்று கருதுவோருக்காக நான்காம் சான்று: கழிப்பறை. படகுகள் பலவற்றில் கழிவு ஒரு கேசட்டில் சேர்கிறது. கொள்ளளவு ஏறத்தாழ 20 லிட்டர். இருவர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிறையும். நால்வர் என்றால் அதில் பாதிக் காலத்தில். நிறைந்ததும் ஒருவர் அதைத் தூக்கிச் சென்று, கால்வாயோரம் ஆங்காங்கே உள்ள எல்சன் பாயிண்டில் கொட்ட வேண்டும். ஆக, முன்னோர் வாய்மொழியாக விட்டுச்சென்ற மூன்று நாள் விதிக்கு இங்கே லிட்டர் கணக்கில் ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டிருக்கிறார். கேசட்டா, பம்ப்பால் உறிஞ்சும் பெருந்தொட்டியா, எது உயர்ந்தது என்று படகோட்டிகளிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. அதைச் சுகாதாரப் பிரச்சினையாகக் காண்பது பிழை. உறவினர் எத்தனை நாள் தங்கலாம் என்பதில் இரு சித்தாந்தங்களுக்கிடையே நடக்கும் தர்க்கம் அது.

இனி மறுப்புகள். சரக்குப் படகு நாட்களில் பின்புறச் சிற்றறைக்குள் பெற்றோரும் பிள்ளைகளுமாக முழுக் குடும்பமே வாழ்ந்ததே, இடநெருக்கடி விருந்தினரை விரட்டும் என்பது எப்படிப் பொருந்தும் என்பர் சிலர். உண்மை. அந்த நெருக்கடியை மட்டுப்படுத்த 1877இல் நாடாளுமன்றமே கால்வாய்ப் படகுச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் அங்கே குடியிருந்தவர்கள், விருந்தாளிகளல்லர். திரும்பிச் செல்ல வேறு வீடு இருப்பவரிடத்தில் மட்டுமே நம் இயந்திரம் வேலை செய்யும். சிறிய அடுக்ககத்திலும் இதே பயன் கிட்டாதா என்பர் வேறு சிலர். கிட்டாது. அடுக்ககம் நகராது, அதன் வாசலில் நிறுத்திய கார் மாலையிலும் அங்கேயே நிற்கும், அதன் மாடிப்படியில் விருந்தினரைக் கொண்டு திறக்க வேண்டிய கதவுகள் முப்பது இல்லை.

வலுவான மறுப்பு ஒன்று எஞ்சுகிறது. கேசட்டைக் கொட்டிவிட்டால் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குமே. உபரிக் கேசட் ஒன்று வாங்கி வைத்தால் மூன்று நாள் ஆறாகுமே. பிறகு எங்கே எல்லை? இந்த மறுப்பை ஏற்கிறோம். இதனால் நம் கொள்கை திருத்தம் பெறுகிறதேயன்றி வீழவில்லை. எல்சன் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்பது பயணப் பாதையை வகுப்பவருக்குத் தெரியும். உபரிக் கேசட் எந்தப் பலகைக்கடியில் இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். மைத்துனர் வந்திருக்கும்போது இரண்டுமே நினைவுக்கு வருவதில்லை. பள்ளி விடுமுறைக்குப் பேத்தி வந்தால் நிலைமை வேறு. அவள் லாக் கதவைத் தள்ளும் அழகில் வேலை இரு மடங்கு நேரம் பிடிக்கிறது. மேசைக் கட்டில் நண்பகல்வரை கட்டிலாகவே கிடக்கிறது. காரோ அவளிடம் இல்லை. இயந்திரத்தின் நான்கு உறுப்புகளும் ஒருசேரப் பழுதாகின்றன. தாத்தா ஒரு முணுமுணுப்பும் இன்றிக் கேசட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். எனவே மூன்று நாள் விதியைப் பின்வருமாறு திருத்தி எழுதப் பரிந்துரைக்கிறோம்: விருந்தும் மருந்தும் மூன்று நாள், கேசட்டைச் சுமப்பவர் விரும்பினால் நீட்டிக்கப்படும்.