மியூட்டில் ஓர் ஊமைத்துரை

பாஞ்சாலங்குறிச்சியில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்க ஊர் மெனக்கெடுவதில்லை. சரித்திரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே அமெரிக்கக் கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் எங்கள் டெக்னாலஜி கன்சல்டன்ட் தம்பிக்கு ‘ஊமைத்துரை’ என்று பெயர் விழுந்தது அப்படித்தான். ஜன்னலோரம் அமர்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் தலையாட்டுவார். கையை விரிப்பார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். வாய் மட்டும் திறக்காது. மீட்டிங்கில் இருபது பேர் இருந்தால் பத்தொன்பது பேர் மியூட்டில் கிடப்பார்கள் என்பது தெருவில் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சைகையாலேயே படை நடத்தியவர். ஆகவே பட்டப்பெயரில் மரியாதையும் உண்டு, குசும்பும் உண்டு.

இந்த ரகம் இப்போது கரிசக்காட்டில் ஊருக்கு ஒன்றிரண்டு முளைத்திருக்கிறது. 2020 மார்ச்சில், 21 நாள் ஊரடங்குதானே என்று ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியவர்கள். திரும்பிப் போகும் நம்பிக்கையில் சில மாதம் சென்னைக்கு வாடகை அனுப்பிப் பார்த்துவிட்டு, பிறகு கட்டிலையும் வாஷிங் மெஷினையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கம்பெனி ‘ஆபீசுக்கு வா’ என்று கூப்பிட்டபோது நம்மவர் வேலையை விட்டார், தனியாகக் கன்சல்டன்ட் ஆனார். வரவுக் கணக்கு நன்றாகவே இருக்கிறது. வாடகை இல்லை, டிராபிக் இல்லை. கருப்பட்டி போட்ட உளுந்தங்களி நல்லெண்ணெய் மினுமினுக்க மேசைக்கே வரும். அப்பாவை மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்கக் கூட்டிப்போக லீவு கேட்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே என்றால், உட்கார்ந்திருப்பது வேலை என்று இந்த மண் ஒப்புக்கொள்வதில்லை. வேர்வை வரவேண்டும், அல்லது இடுப்பாவது வலிக்கவேண்டும்.

“மாசச் சம்பளமா?” என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

“இல்லப்பா. மணிக் கணக்கு.”

“அப்ப கூலிக்குத்தான் போற.”

நம்மவர் டாலர், இன்வாய்ஸ், கான்ட்ராக்ட் என்று அரைமணி நேரம் விளக்கினார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, காண்ட்ராக்ட் கூலி” என்று முடித்தார்.

உண்மையில் அந்த வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அடுத்த வீட்டுப் பெரியம்மா ஒருவர்தான். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2023 ஜனவரி முதல் அந்த வேலையில் காலையிலும் மதியமும் ‘மேட்டு’ என்கிற மேற்பார்வையாளர் செல்போன் ஆப்பில் போட்டோ எடுத்து வருகை பதிவது கட்டாயமானது. ஒருநாள் சாயங்காலம் நம்மவர் திண்ணையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“என்னய்யா, மொகம் வாடிக் கெடக்கு?”

“தண்ணி குடிக்க எந்திரிச்ச நேரத்துல கம்ப்யூட்டர் படம் புடிச்சிருச்சு பெரியம்மா. பத்து நிமிசக் கூலி போச்சு.”

“ஒனக்குமா போட்டோ?” பெரியம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். “எங்களுக்கு ரெண்டு தடவ. ஒனக்கு?”

“மணிக்கு ஆறு.”

பெரியம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “அடி ஆத்தி! ஒங்க மேட்டு அம்புட்டுக் கறாரா?”

“மேட்டே கெடையாது. மிசினுதான்.”

“அதான பாத்தேன். மனுசனா இருந்தா தண்ணி குடிக்க விட்டிருப்பான்.”

நியூஜெர்சியில் இருக்கும் கிளையண்டுக்கு அப்பா வைத்திருக்கும் பெயர் ஜாக்சன் துரை. 1798-இல் கலெக்டர் ஜாக்சன் பேட்டிக்கு வரச்சொல்லிவிட்டு, கட்டபொம்மனைக் குற்றாலம், சொக்கம்பட்டி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று 23 நாள் தன் பின்னாலேயே அலையவிட்டு, கடைசியில் இராமநாதபுரத்தில்தான் முகம் கொடுத்தார். இந்தக் காலத்து ஜாக்சன்கள் யாரையும் அலையவிடுவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே காக்கவைக்கிறார்கள். ‘கூட்டத்தை நடத்துபவர் வந்ததும் உங்களை உள்ளே அனுமதிப்பார்’ என்று திரை சொல்லும். நம்மவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். “தொரை இன்னும் கதவத் தொறக்கலயா?” என்று அப்பா அடுப்படியிலிருந்து கேட்பார்.

ஐப்பசியில் இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒருமணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். மாலை ஆறரை மணி மீட்டிங் ஏழரைக்குப் போய்விடும். மார்ச்சில்தான் பழையபடி திரும்பும். அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. “மணியவே நகட்டுறவன் கூலிய நகட்டித் தர மாட்டானா?” என்றார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

காலக்கெடு விஷயத்தில் ஊரின் அளவுகோல் வேறு. 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்த அசல் ஊமைத்துரை, வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிய கோட்டையை ஆறே நாளில் மண்ணால் எழுப்பிவிட்டார் என்று இங்கே சொல்வார்கள். இப்போது நிற்கும் நினைவுக்கோட்டை 1974-இல் அரசு கட்டியது. டீக்கடையில் நம்மவர், “ஒரு பேங்க் சிஸ்டத்தை மாத்துறோம், பதினெட்டு மாசம் ஆகும்” என்றதும், பெஞ்சில் இருந்த மாமா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஆறு நாள்ல கோட்டையே எந்திரிச்ச ஊருப்பா இது” என்றார்.

அந்தக் கோட்டைக்கு உதவிய மண், கேபிளுக்கு உதவுவதில்லை. கரிசல் மழைக்கு உப்பும், கோடைக்குக் கைநுழையும் அளவு வெடிக்கும். அதில் ஊன்றிய கம்பம் நேராக நிற்பது அபூர்வம். பைபர் கேபிள் சாய்ந்த கம்பத்திலிருந்து உடைமரத்துக்குத் தாவி, உடைமரத்திலிருந்து வீட்டுக்கு வருகிறது. ஆடு உடங்காய்க்கு எக்கினால் நியூஜெர்சிக்காரர் உறைந்துபோவார். அடிவானத்தில் காற்றாலைகள் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருக்கும்; வீட்டில் பேன் நின்றிருக்கும். ஆகவே ஒரு இன்வெர்ட்டர், இரண்டு கம்பெனி சிம், மூன்று பவர் பேங்க். மழைக்காலத்தில் செருப்பைக் கரிசலுக்குத் தானம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு சிக்னல் தேடி மாடிக்கு ஓடுவதும் உண்டு.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக இருப்பார் என்பது பழைய நகைச்சுவை. நம்மவர் அப்படியல்ல. முழுப் பேண்ட், பெல்ட்டோடு. அது கிளையண்டுக்காக அல்ல, ஊருக்காக. லுங்கியோடு கண்ணில் பட்டால் தீர்ந்தது: “தம்பி சும்மாதான இருக்க?” இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் உலகத்து வேலையெல்லாம் வரிசைகட்டி நிற்கும். பி.எம். கிசானில் ஆண்டுக்கு மூன்று தவணையாக வரும் 6,000 ரூபாயில் ஒரு தவணை எங்கே நின்றது என்று பார்க்கவேண்டும். பட்டா, சிட்டா எடுக்கவேண்டும். உளுந்துக்குக் காப்பீடு பதியவேண்டும். ஓடிபி வரும்போது போன் கோவில்பட்டிக்குப் போன பேரன் பையில் இருக்கும். மணிக்கு டாலரில் வாங்குகிற ஆலோசனைக்கு இங்கே ஒரு படி பாசிப்பயறு. பயறு இல்லையென்றால் அதுவும் கடன். அதனால்தான் இருக்கிற இரண்டே பேண்டையும் மாற்றி மாற்றி இஸ்திரி போட்டு உடுத்துகிறார். பேண்ட் போட்டிருந்தால் ‘ஆபீசில் இருக்கிறார்’ என்று தெரு விலகிப்போகிறது. பொண்ணு வீட்டார்தான் அதற்கும் மசியவில்லை. “மாப்பிள்ளை ஏன் வீட்லயே இருக்காக?” என்று தரகரிடம் தாழ்ந்த குரலில் விசாரிக்கிறார்கள். சென்னையில் இவரில் பாதி சம்பாதிக்கிறவருக்கு ஜாதகம் போய்விட்டது.

போன மாதம் ஒரு ரிலீஸ். அங்கே சாயங்காலம் ஆபீஸ் மூடிய பிறகுதான் சிஸ்டத்தை மாற்றவேண்டும். இங்கே பின்னிரவு மூன்று மணி. எல்லாம் தயார், ‘போடலாமா’ என்று துரை கேட்கிறார். நம்மவர் பதில் சொல்ல மியூட்டை எடுத்த நொடியில் தெருநாய்கள் குரைக்க, குடுகுடுப்பைக்காரர் வாசலில் வந்து நின்றார். நல்ல காலம் பொறக்குது, ஜக்கம்மா சொல்றா. குடுகுடுப்பைச் சத்தம் தெளிவாக நியூஜெர்சி போய்ச் சேர்ந்தது.

“யார் அது?” என்றார் துரை.

அகால வேளையில் வருகிறார், யாருக்கும் முழுதாகப் புரியாத மொழியில் வருங்காலம் சொல்கிறார், விடிந்ததும் வந்து கூலி வாங்கிக்கொள்கிறார். நம்மவருக்கு ஒரே ஒரு சொல்தான் கிடைத்தது. “கன்சல்டன்ட்.”

“என்ன சொல்கிறார்?”

“நல்ல காலம் வருமாம்.”

“அப்படியானால் போடு.”

ரிலீஸ் ஒரு தப்பும் இல்லாமல் முடிந்தது. இப்போது ஒவ்வொரு ரிலீசுக்கும் முன்னால், “உங்கள் சீனியர் என்ன சொல்கிறார்?” என்று துரை விசாரிக்கிறாராம்.

சீனியர் அன்று காலை ஏழு மணிக்குக் கூலி வாங்க வந்தார். நம்மவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அரிசி போட்டார். பழந்துணி ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, வீட்டிலேயே கிடக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று கொடியில் கிடந்த பேண்டையும் எடுத்துப் போட்டுவிட்டார். இன்னொன்று வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு லுங்கியோடு எழுந்து வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டு மாமா ஏற்கெனவே ஆதார் கார்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.