பிரியானின் மீசையும் சில கேள்விகளும்

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே சமாதானம் சமாதானம் என்று ஊர் ஊராக அலைந்தவர்கள் உண்டு. அவர்களைப் பின்தொடர்ந்து அலைந்த ஓவியர்களும் உண்டு. அந்த ஓவியங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கே இந்த முறை முழு இடமும்.

கே: கோட்டு சூட்டு போட்ட வயதான அரசியல்வாதிகள். அவர்களை உட்கார வைத்து வரைய என்ன இருக்கிறது?
– கல்லூரி மாணவர், திருச்சி

ப: கோட்டைப் பார்த்து முகத்தைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்! பிரான்ஸின் ஆரிஸ்டீட் பிரியானைப் பாருங்கள். தொங்கு மீசை, உதட்டோரம் சிகரெட், முன்னால் வளைந்த தோள், பாதி மூடிய கண். பக்கத்தில் ஜெர்மனியின் குஸ்தாவ் ஸ்டிரேஸமான். வழுக்கைத் தலை, தடித்த கழுத்து, சின்னக் கண்கள். 1916-ல் வெர்டன் போர்முனையில் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் மடிந்துகொண்டிருந்தபோது பிரான்ஸின் பிரதமர் இதே பிரியான். ஜெர்மனி இன்னும் நிலம் பிடிக்க வேண்டும் என்று அந்த நாட்களில் முழங்கியவர் இதே ஸ்டிரேஸமான். ஒன்பதே வருடத்தில், 1925 அக்டோபரில், லொகார்னோ என்ற சுவிட்சர்லாந்து ஊரில் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எல்லைத் தகராறைப் பேசி முடித்தார்கள். அடுத்த வருடம் நோபல் சமாதானப் பரிசை இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள்.

பகைமையிலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்த முகங்கள் அவை. அந்த நடையின் களைப்பைக் காட்ட பென்சிலால் முடியும்.

கே: இவர்களை அதிகம் வரைந்தது யார்?
– ஓவிய ஆசிரியை, கும்பகோணம்

ப: இரண்டு ஹங்கேரிக்காரர்கள். அலோயிஸ் டெர்சோ, எமெரி கெலன். டெர்சோ மூத்தவர், கெலன் அவரைவிட எட்டு வயது இளையவர், உலகப் போரில் சிப்பாயாக இருந்து வந்தவர். 1922-ல் துருக்கிப் பிரச்னைக்காக லோசான் நகரில் மாநாடு கூடியபோது இருவரும் பத்திரிகைக்குப் படம் போட அங்கே போனார்கள். போன இடத்தில் கூட்டாளிகள் ஆனார்கள். அதன் பிறகு மாநாடு எங்கே நடந்தாலும் இந்த ஜோடி அங்கே. படத்தின் கீழே இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே இருக்கும். எந்தக் கோடு யாருடையது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. இரண்டு ஓவியர்கள் ஒரே தாளில் பல வருடம் சண்டையில்லாமல் வரைந்ததே பெரிய சமாதான உடன்படிக்கை என்பேன்.

ஜெனீவாவில் பவேரியா என்று ஒரு உணவகம். முதல் உலகப் போருக்குப் பின் நாடுகள் கூடிப் பேச அந்த ஊரில் அமைத்தது பன்னாட்டுச் சங்கம். பகலில் அந்தச் சங்கத்தில் அறிக்கை வாசித்தவர்களும், அதைத் தந்தியில் அனுப்பிய நிருபர்களும் சாயங்காலம் அங்கே வந்து உட்காருவார்கள். சுவர் முழுக்க இந்த இருவர் போட்ட படங்கள். ஒரு அமைச்சர் தலை நிமிர்ந்தால் அவர் மூக்கே அவரைப் பார்க்கும். எதிர்நாட்டு அமைச்சரின் மூக்கும் பக்கத்துச் சட்டத்தில் இருக்கும். நிருபர்கள் சங்கம் தரும் விருந்துகளுக்கு மெனு அட்டை வரைந்ததும் இவர்கள்தான். அந்த அட்டையில் வரையப்பட்டவர்களிடமே கையெழுத்து வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள் பலர். 1931-ல் பன்னாட்டுச் சங்கத்தின் பத்து வருட வேலையைப் படங்களாகவே தொகுத்து, ‘ஜெனீவாவின் ஏற்பாடு’ என்று பொருள்படும் பெயரில் ஒரு தொகுப்பு போட்டார்கள். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்கிறோமே, அந்த ஏற்பாடு.

கே: கேலிச்சித்திரம் போட்டால் அவமானப்படுத்துவது ஆகாதா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், விருதுநகர்

ப: வெறுப்போடு போட்டால் ஆகும். உரிமையோடு போட்டால் ஆகாது. வீட்டில் தாத்தாவின் நடையைப் பேரன் நடித்துக் காட்டுகிறான், தாத்தாதான் முதலில் சிரிக்கிறார். டெர்சோவும் கெலனும் ஜெனீவாவின் பேரப்பிள்ளைகள்.

கே: அப்போதே கேமரா வந்துவிட்டதே? பிறகு பென்சில் எதற்கு?
– புகைப்படக் கலைஞர், கோவை

ப: உங்கள் குலத்தின் முன்னோர் ஒருவரைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. எரிக் சாலமன், பெர்லின்காரர், சட்டம் படித்தவர். மங்கிய வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமராவை ஒளித்து வைத்துக்கொண்டு மாநாட்டு அறைக்குள் நுழைந்துவிடுவார். 1928 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் போரையே சட்டவிரோதம் என்று 15 நாடுகள் கையெழுத்திட்டன. அந்த மண்டபத்தில் போலந்துப் பிரதிநிதிக்கென்று போட்ட நாற்காலி காலியாக இருக்க, அதில் போய் உட்கார்ந்து படம் எடுத்தார் சாலமன்! விளம்பரத்துக்காகச் சிரிக்காத, களைத்துப்போய்க் கண் சொக்கிய தலைவர்களை உலகம் முதலில் பார்த்தது அவர் தயவில். அவருக்கு ‘நாசூக்கில்லாதவர்களின் ராஜா’ என்று பட்டம் கொடுத்ததும் பிரியான்தான். 1931-ல் எடுத்த ஒரு படத்தில், சாலமனைக் கண்டுபிடித்துவிட்ட பிரியான் கேமராவை நோக்கி விரலை நீட்டுகிறார். அவர் சாலமனைப் பிடித்தாரா, சாலமன் அவரைப் பிடித்தாரா என்று இன்றுவரை சொல்ல முடியாது.

கேமரா பிடிப்பது ஒரு நொடி. பென்சிலுக்கு நேரம் வேண்டும். நேரம் கொடுத்தால்தான் சில முகங்கள் திறக்கும். எனக்கு இரண்டும் வேண்டும். சாலமன் யூதர். ஹாலந்தில் தலைமறைவாக இருந்தவரைக் காட்டிக்கொடுத்தார்கள். 1944-ல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள்.

கே: நீங்கள் சொன்ன பெயரெல்லாம் ஆண்கள். பெண்கள் சமாதானம் பேசவில்லையா?
– இல்லத்தரசி, மதுரை

ப: ஆண்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே பேசினார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1915-லேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடி, சண்டையை நிறுத்துங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். தலைமை தாங்கிய அமெரிக்கர் ஜேன் ஆடம்ஸுக்கு நோபல் பரிசு வந்து சேர 1931 ஆயிற்று. 1932 பிப்ரவரியில் ஆயுதக் குறைப்பு மாநாடு ஜெனீவாவில் தொடங்கியபோது, 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து மண்டபத்தில் வைத்தவர்களும் பெண்கள்தான். நாற்காலி கிடைத்தவர்களைத்தான் ஓவியர்கள் வரைந்தார்கள். பெண்களுக்கு நாற்காலி கிடைப்பது அபூர்வம். பிரிட்டன் அனுப்பிய குழுவில் ஜெனீவாவுக்குப் போன ஹெலெனா ஸ்வான்விக் அப்படி ஓர் அபூர்வம். ஓவியர் வால்டர் சிக்கர்ட்டின் தங்கை. வாழ்நாள் முழுக்கப் போருக்கு எதிராக எழுதிய அந்தப் பெண்மணி, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1939 நவம்பரில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

வரைந்தவர்களில் ஒரு பெண் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவர். வயலெட் ஓக்லி, அமெரிக்கர். பென்சில்வேனியா மாநிலத் தலைமைச் செயலகத்தின் சுவர்களில் 25 வருடம், 43 பெரிய ஓவியங்கள் வரைந்தவர். அந்த மாநிலத்தை நிறுவிய வில்லியம் பென், ஆயுதம் இல்லாமலே ஆள முடியும் என்று நம்பிய க்வேக்கர் கிறிஸ்தவர். பென்னின் கதையைச் சுவரில் வரைந்து வரைந்து, ஓக்லியும் அந்த நம்பிக்கைக்குள் போய்விட்டார். பன்னாட்டுச் சங்கத்தில் சேர அமெரிக்கா மறுத்துவிட்டது. அரசு அனுப்பாவிட்டால் என்ன, நான் போகிறேன் என்று 1927-ல், 53 வயதில், தானாக ஜெனீவாவுக்குக் கிளம்பினார். சுமார் மூன்று வருடம் கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்து பிரதிநிதிகளின் முகங்களை வரைந்தார். அமெரிக்காவுக்கென்று ஒரு நாற்காலி அங்கே இல்லை. ஆனால் ஒரு அமெரிக்கப் பெண்ணின் பென்சில் இருந்தது. 1933-ல் அந்தப் படங்களைப் புத்தகமாக்கியபோது அவை இடம்பெற்ற பகுதிக்கு ‘ஜெனீவாவின் அற்புதம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருடம் அது. அந்த வருடத்திலும் அற்புதம் என்று எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கே: நம்மவர்கள் யாராவது ஜெனீவாவுக்குப் போனார்களா?
– வழக்கறிஞர், தஞ்சாவூர்

ப: உங்கள் பழைய ஜில்லாக்காரரே போனார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, 1921. அடுத்த வருடம் பி.எஸ். சிவசாமி ஐயர். 1926, 1927 இரண்டு வருடமும் சி.பி. ராமசாமி ஐயர். சங்கம் தொடங்கிய நாளிலிருந்தே இந்தியா அதில் உறுப்பினர். ஆனால் யார் போவது, என்ன பேசுவது என்பதை லண்டன் தீர்மானித்தது. பேச்சுத் திறமை நம்முடையது, சாவி அவர்களுடையது.

யாரும் அனுப்பாமல் போனவர் காந்தி. 1931 டிசம்பரில், லண்டனில் வட்டமேஜை மாநாடு முடிந்து ஊர் திரும்பும் வழியில், வில்நெவ் கிராமத்தில் எழுத்தாளர் ரொமெய்ன் ரொலான் வீட்டருகே சில நாள் தங்கினார். டிசம்பர் 10 அன்று ஜெனீவாவின் விக்டோரியா மண்டபத்தில் பேசினார். ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் அவர் பெரிய சோதனை. உட்காருங்கள், இப்படித் திரும்புங்கள் என்றால் நடக்காது. லண்டனில் ஜோ டேவிட்சன், கிளேர் ஷெரிடன் என்ற இரண்டு சிற்பிகளுக்கு அவர் கொடுத்த சலுகை ஒன்றுதான்: நான் என் வேலையைப் பார்க்கிறேன், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். அதற்கு ஒரு வருடம் முன்னால் சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கிய காந்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கருப்புப் பின்னணி, வெள்ளைக் கோடு, கையில் தடி, எடுத்து வைத்த கால். உப்புக்கு நடந்த கால்.

கே: நேராகக் கேட்கிறேன். 1939-ல் மறுபடி போர் வந்துவிட்டது. இவர்கள் எல்லோரும் தோற்றவர்கள்தானே? தோற்றவர்கள் படத்தை ஏன் மாட்ட வேண்டும்?
– வியாபாரி, ஈரோடு

ப: நேராகவே சொல்கிறேன், ஒப்புக்கொள்ள மாட்டேன். 1925 அக்டோபரில் கிரீஸ்–பல்கேரியா எல்லையில் காவல் வீரர்களுக்குள் துப்பாக்கிச் சூடு. கிரேக்கப் படை பல்கேரியாவுக்குள் நுழைந்துவிட்டது. சங்கத்தின் அவைக்கு அப்போது தலைவர் பிரியான். உடனே நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினார்கள், படை திரும்பியது, கிரீஸ் 45,000 பவுண்டு நஷ்ட ஈடும் கட்டியது. நடக்காத போரில் சாகாதவர்களுக்கு யாரும் நினைவுச்சின்னம் வைப்பதில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். அவ்வளவுதான் தடயம்.

நார்வேயின் துருவப் பயணி ஃப்ரிட்யாஃப் நான்சென் சங்கத்துக்காக வேறு எதுவுமே செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் போர் முடிந்தும் அந்நிய முகாம்களில் கிடந்த கைதிகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஊர் கொண்டுவந்து சேர்த்தாரே! 4 லட்சம் வாசல்களில் ஒரு தாய் எழுந்து நின்றிருப்பாள். கணக்குப் பார்க்கும் வியாபாரி நீங்கள், இதை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

கே: என் மகள் எட்டாம் வகுப்பு. நன்றாக வரைகிறாள். யாரை வரையச் சொல்லலாம்?
– செவிலியர், நாகர்கோவில்

ப: நான்செனையே. உயரமான ஆள், தொங்கு மீசை, ஆழமான கண். வரைய வாகான முகம். இன்னொரு காரணமும் உண்டு, அவரே நல்ல ஓவியர். துருவப் பயணம் பற்றிய தன் நூல்களுக்குத் தானே படம் போட்டவர், கல்லச்சிலும் வரைந்தவர். முதல் நாளில் மூக்கு சரியாக வராது. இரண்டாம் நாளும் வராது. விடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: அந்தக் காலத்துப் படங்களில் ஒரே ஒரு படம்தான் உங்களுக்கு என்றால் எதை எடுப்பீர்கள்?
– வாசகி, பாளையங்கோட்டை

ப: ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் செதுக்கிய கார்ல் லீப்னெக்ட். அதன் சிறிய அச்சு ஒன்று என் எழுதும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

1914 டிசம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் போர்க் கடனுக்கு எதிராக வாக்களித்தவர் ஒரே ஒருவர், லீப்னெக்ட். போர் முடிந்து புரட்சியில் இறங்கியவரை 1919 ஜனவரி 15 அன்று சுட்டுக் கொன்றார்கள். குடும்பத்தார் கோல்விட்ஸைக் கூப்பிட்டார்கள். பிணவறைக்குப் போய் அவர் முகத்தை வரைந்தார். லீப்னெக்டின் கட்சியைச் சேர்ந்தவர் அல்ல அந்த அம்மாள். ஆனால் இறந்தவர் முகத்தின் எதிரில் எப்படி உட்கார்வது என்று அவருக்குத் தெரியும். பெற்ற மகன் பீட்டரை, 18 வயதில், 1914 அக்டோபரில் பெல்ஜியப் போர்முனையில் இழந்தவர். பட்டாளத்தில் சேர அந்தப் பையன் கேட்டபோது, தகப்பனாரிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். அந்த முள் கடைசிவரை அவரை விடவில்லை.

முதலில் செப்புத் தகட்டில் முயன்றார், பிடிக்கவில்லை. கல்லச்சில் முயன்றார், அதுவும் பிடிக்கவில்லை. எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்ததும், இதற்கு மரம்தான் என்று புரிந்தது. 1920-ல் மரத்தில் வந்தது. அடியில் வெள்ளைத் துணியில் நீளமாகக் கிடக்கிறார் இறந்தவர். மேலே நெருக்கியடித்துக்கொண்டு தொழிலாளிகள், எல்லாம் குனிந்த தலைகள். முன்னால் ஒருவர் தலையைக் கவிழ்த்து, தன் பெரிய கையை அந்த நெஞ்சின் மேல் வைத்திருக்கிறார். உழைத்துக் காய்த்த கை. விரல்களின் எலும்பு தெரிகிறது. பின்னால் ஒரு தாய் தன் குழந்தை எட்டிப் பார்க்கத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். நான் பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கை என் கையின் கீழே இருக்கிறது.

கே: அந்த ஓவியர்கள் பிறகு என்ன ஆனார்கள்?
– நூலகர், புதுச்சேரி

ப: கோல்விட்ஸ் தன் படங்களைக் காட்சிக்கு வைக்க நாஜிகள் தடை போட்டார்கள். மகன் பெயரையே வைத்த பேரன் பீட்டரையும் 1942-ல் போர் கொண்டுபோனது. 1945 ஏப்ரலில், போர் முடிய சில நாள் இருக்கும்போது இறந்தார். டெர்சோவும் கெலனும் 1938-ல் அமெரிக்காவுக்குத் தப்பினார்கள். அவர்களின் படங்கள் இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கெலன் பின்னால் ஐ.நா. சபையிலேயே தொலைக்காட்சிப் பிரிவில் வேலை பார்த்தார்.

ஓக்லி? 1946-ல் ஐ.நா.வின் கூட்டங்கள் நியூயார்க்கில் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய், புதிய பிரதிநிதிகளின் முகங்களை வரைய ஆரம்பித்தார்.