கிராணி இயல்: மட்டமாற்றி என்னும் சிறுபொருள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

எந்தப் பொருளைப் பற்றியும் ஆராயலாம் என்னும் சுதந்திரம் வித்துவான்களுக்கு இருப்பதால், கொசுவின் காலையும் கொழுக்கட்டையின் வாயையும் குறித்து எழுதிக் குவித்தவர்கள் உண்டு. ஆயினும், சுங்கை பட்டாணியில் எலெக்ட்ரானிக் சாமான் கடையொன்றில், சட்டைப் பொத்தான்களைப்போலச் சிறு பிளாஸ்டிக் பையில் அடைத்து ஆணியில் தொங்கவிடப்பட்டிருக்கும், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான ‘லெவல் ஷிஃப்டர்’ என்னும் பலகைத்துண்டின் குலம், கோத்திரம், குணம், கர்மம் ஆகியவற்றை முறையாக விசாரிக்கும் பாக்கியத்தை ஒருவரும் கோராமல், அதை எனக்கென்றே விட்டுவைத்திருக்கிறார்கள்.

எனக்கு என்ன அருகதை என்று கேட்பார் கேட்கட்டும். பீடோங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அது செம்பனைக்கு மாறியதையும், லயங்கள் காலியாகி ஜனங்கள் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்ததையும் கண்டு, தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். தற்சமயம் அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோவில் கமிட்டியின் காரியதரிசி. மின்சாரம் தொட்டால் அடிக்கும் என்பதற்கு மேற்பட்ட ஞானம் யாவும், கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை பார்த்துவிட்டு வந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஈயப்புகை எழுப்புகிற என் தங்கை மகன் மூலமாகவே எனக்கு சித்தித்தது.

முதலில் பெயராராய்ச்சி. பையன் ஒரு நாள், “மாமா, லெவல் ஷிஃப்டர் ஒண்ணு வேணும்” என்றபோது, நைட் ஷிஃப்டு பார்க்கும் ஓர் ஆளைத்தான் கேட்கிறான் என்று எண்ணி, “பக்கத்து வீட்டு அக்காவைக் கேளேன், அவங்கதானே இருபத்திரண்டு வருஷம் ஷிஃப்டு பார்த்தவங்க” என்று நான் சொன்னது இன்றளவும் குடும்பத்தில் வழங்கிவரும் கதை. பொருள் விளங்கியபின் தமிழ்ப்பெயர் தேடினேன். ‘மட்டமாற்றி’ என்பது நேரானதே. ஆனால் மட்டம் என்னும் சொல்லுக்கு அளவு என்றும் இழிவு என்றும் இரு பொருள் இருக்க, பள்ளிக்கூடத்து வழக்கில் ‘மட்டம் போடுதல்’ என்னும் மூன்றாவது பொருளும் சேர்ந்துகொள்வதால், மட்டமாற்றி என்றதும் மட்டமான சரக்கை மாற்றித் தரும் கடைக்காரனோ, மட்டம் போடும் பிள்ளையைப் பிடித்துவரும் வாத்தியாரோ மனத்தில் தோன்றுகிறான். இதற்குப் பொருத்தமான பெயர் நம் தோட்டத்திலேயே இருந்தது என்பதைப் பின்னர் ஸ்தாபிப்பேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். இக்காலத்துக் கணிப்பொறிகள் யாவும் ஆம், இல்லை என்னும் இரண்டே வார்த்தைகளால் பேசுகின்றன என்று பள்ளிப்பிள்ளையும் அறியும். ஆனால் எவ்வளவு உரக்கச் சொன்னால் ‘ஆம்’ என்பது ‘ஆம்’ ஆகும் என்ற கேள்வியில்தான் சகல வழக்குகளும் முளைக்கின்றன. 1960களில் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி பரப்பிய 7400 வரிசைச் சில்லுகள் 5 வோல்டில் வாழ்ந்தன. அவற்றின் சம்பிரதாயப்படி 2 வோல்டுக்கு மேற்பட்டது ஆம், 0.8 வோல்டுக்குக் கீழ்ப்பட்டது இல்லை. இடைப்பட்ட பிரதேசத்தில் நிற்கும் மின்னழுத்தத்துக்கு அர்த்தம் யாது என்று கேட்டால், சில்லு செய்தவர்கள் கையை விரித்துவிடுவார்கள். நம்மவர்க்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. பெண் பார்த்துவிட்டுப் பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுக் கைகழுவியபின் மாப்பிள்ளை வீட்டார் “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுகிறார்களே, அந்தப் ‘பார்க்கலாம்’ ஏறத்தாழ 1.4 வோல்ட். மலாய்க்கார நண்பர்கள் சொல்லும் ‘தெங்கோ டுலு’வும் அதே அளவுதான் என்பது அரசாங்க அலுவலகப் பலகணிகளில் நின்று நான் கண்ட உண்மை.

எல்லாரும் 5 வோல்டிலேயே இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் சிறுத்துச் சிறுத்து, அவற்றின் காப்புப்படலம் 5 வோல்டைத் தாங்கமாட்டாமல் மெலிந்தது. மேலும் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவதால், 5-ஐ 3.3 ஆக்கினால் 25 பங்கு 10.89 ஆகக் குறையும் என்னும் சிக்கனக் கணக்கும் கூடிற்று. ஆகவே 2012-இல் வந்த ராஸ்பெரி பையும், அதன்பின் வந்த ஈ.எஸ்.பி. 32 முதலியவையும் 3.3 வோல்ட் ஜாதி. 2005-இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ என்னும் மூத்த வம்சத்து ஊனோவோ இன்றும் 5 வோல்ட். மூத்தவர் சாதாரணமாகப் பேசுவதே இளையவருக்கு இரைச்சலாகிக் காது கிழிகிறது. என் தங்கை மகனுடைய ராஸ்பெரி பையின் ஒரு கால் அவ்விதமே செவிடாயிற்று. இளையவர் சொல்வதோ மூத்தவர் காதில் அரைகுறையாக விழுகிறது.

இவ்விரு ஜாதியாரையும் இணைப்பதற்கு உலகில் மூன்று மார்க்கங்கள் உண்டு. கெடாத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அவை மூன்றும் ஏற்கெனவே பரிச்சயமானவை.

முதலாவது, ஒன்றும் வேண்டாம், நேராகவே பேசிக்கொள்ளட்டும் என்பது. துரை ஸ்கொட்லாந்து ஆங்கிலத்தில் முணுமுணுக்க, பால்வெட்டுக்காரர் சேலத்துத் தமிழில் பதில் சொல்ல, இருவரும் தலையாட்டிப் பிரிவது போன்றது இது. காரியம் நடந்துவிடுவதும் உண்டு என்பதுதான் இதிலுள்ள அபாயம்.

இரண்டாவது, இரண்டு மின்தடைகளைத் தொடுத்து, 5 வோல்டைப் பங்குபோட்டு இறக்குவது. 1,000 ஓமும் 2,000 ஓமும் வைத்தால் மூன்றில் இரண்டு பங்காகிய 3.33 வோல்ட் கிடைக்கும். பையன் தண்ணீர்த்தொட்டியின் நீர்மட்டம் பார்க்கப் பொருத்திய எச்.சி.எஸ்.ஆர். 04 என்னும் எதிரொலிக் கருவிக்கு இதுவே போதுமானதாயிற்று. இது கங்காணி மார்க்கம். மேலிருப்பதைக் கீழே இறக்குமேயன்றிக் கீழிருப்பதை மேலே ஏற்றாது. அதோடு, ஆம் என்ற சொல் நிற்கும் வரைக்கும் 1.67 மில்லி ஆம்பியரைத் தன் பங்காகத் தரையில் இறக்கிக்கொண்டே இருக்கும். பெரட்டுக்கு வந்து நின்ற தலைக்கு இத்தனை காசு என்று கங்காணிமார் வரும்படி பார்த்த காலத்தை அறிந்தவர்கள் இந்த உவமையைக் குறை கூறமாட்டார்கள். கங்காணி ஆள்பிடிப்பு 1938-இல் நின்றுபோயிற்று, மின்தடை நிற்கவில்லை.

மூன்றாவதே பிரஸ்தாப விஷயமாகிய மட்டமாற்றி. அது கிராணி. கரணம் என்னும் வடசொல்லோடு உறவுடையதாய், வடநாட்டில் புழங்கி, மலாயில் ‘கெரானி’ என்றும் நம் வாயில் ‘கிராணி’ என்றும் நின்ற இந்தச் சொல்லுக்குரிய மனிதர், துரைக்கு முன் தொப்பியைக் கழற்றி ஒரு ஸ்வரத்திலும், செக்ரோல் புஸ்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஜனங்களுக்கு முன் வேறொரு ஸ்வரத்திலும் பேசி, இரு தரப்புச் செய்தியையும் இரு திசையிலும் கொண்டுபோனவர். ஆகையால் இந்த ஆராய்ச்சித் துறைக்குக் கிராணி இயல் என்று நாமகரணம் செய்கிறேன்.

கெடாவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன் கடாரத்தையும் 1025-ஆம் வருஷத்து ராஜேந்திர சோழன் கப்பற்படையையும் இழுக்காவிட்டால் அவனைச் சபையில் சேர்க்கமாட்டார்கள், ஆகவே இழுக்கிறேன். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டியபோது கோவில் அடித்தளங்கள் அகப்பட்டன, மட்டமாற்றி அகப்படவில்லை. எனினும், ஒரு பருவக்காற்றில் மேற்கிலிருந்தும் மறு பருவக்காற்றில் கிழக்கிலிருந்தும் வந்த கப்பல்கள் சரக்கு மாற்றிய துறைமுகத்தில், இருவர் பாஷையும் அறிந்த துபாஷி ஒருவன் இல்லாமல் ஒரு மூட்டை மிளகும் கைமாறியிராது. பொருள் கிட்டாவிடினும் தத்துவம் அங்கே இருந்தது என்று கொள்க.

இனிக் கிராணியின் உள்ளமைப்பு. அந்தப் பலகைத்துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், கடுகைவிடப் பெரிதும் மிளகைவிடச் சிறிதுமான மூன்றுகால் பூச்சிகள் நான்கு தெரியும், பி.எஸ்.எஸ். 138 என்னும் மாஸ்ஃபெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக 10,000 ஓம் மின்தடைகள் இரண்டு. பிலிப்ஸ் கம்பெனி 1997-இல் வெளியிட்ட ஒரு குறிப்பில் விளக்கிய ஏற்பாடு இது. ஒரு பக்கத்து மின்தடை கம்பியை 3.3-க்கும் மறுபக்கத்தது 5-க்கும் சதா இழுத்துப் பிடித்திருக்கும். யாரேனும் ஒரு பக்கத்தில் ‘இல்லை’ என்று கம்பியைக் கீழே இழுத்தால், நடுவிலுள்ள மாஸ்ஃபெட் கதவைத் திறந்து மறுபக்கத்தையும் கூடவே இழுத்துவிடும். யாரும் இழுக்காதபோது கதவு சாத்திக்கொள்ள, இரு பக்கமும் அவரவர் உயரத்துக்குத் தாமாகவே எழும்பி நிற்கும். இதிலுள்ள சூட்சுமத்தை வாசகர் கவனிக்கவேண்டும்: இந்தக் கிராணி தன் வாயால் ஒருபோதும் ‘ஆம்’ சொல்வதில்லை, ‘இல்லை’யை மட்டுமே கடத்துகிறான், ஒருவரும் மறுக்காதபோது உண்டாகும் மௌனத்தையே இரு தரப்பாரும் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் பாட்டிமார் மௌனம் சம்மதம் என்று சொன்னது பிலிப்ஸ் கம்பெனிக்கு எவ்வழியில் எட்டியது என்பதைப் பிறிதொரு கட்டுரையில் ஆராய உத்தேசம்.

பிரயோக காண்டம் ஆடித் திருவிழாவில் நிகழ்ந்தது. கோவில் வாசல் வளைவுக்கு, மீட்டருக்கு 60 விளக்காக 5 மீட்டர் நியோபிக்சல் பட்டை கட்டி, அம்மன் புறப்படும்போது மஞ்சள் நிறம் அலையலையாய் ஓடும்படி செய்வதாகப் பையன் கமிட்டிக்கு வாக்களித்தான். வீட்டில் ஒரு முழத் துண்டைக் கைத்தொலைபேசிச் சார்ஜரில் மாட்டி, ஈ.எஸ்.பி. 32-இலிருந்து நேரே கம்பி கொடுத்துப் பார்த்தபோது பேஷாக ஓடிற்று. கோவிலில் 20 ஆம்பியர் கொடுக்கும் புத்தம்புது இரும்புப்பெட்டி பவர் சப்ளையில் மாட்டினால், மஞ்சள் கேட்ட இடத்தில் பச்சையும், பச்சைக்கு நடுவே ஊதாவும், காரணமில்லாத மின்னலுமாகக் குதித்தது. கமிட்டித் தலைவர் அண்ணாந்து பார்த்து, “இது அம்மன் கோவிலா, பாசார் மாலாமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

“நேத்து நல்லாத்தானே எரிஞ்சிச்சு மாமா!” என்று பையன் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோதுதான் பக்கத்து வீட்டு அக்கா பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். 1972-இல் இன்டெல் பினாங்கில் வந்து இறங்கியது முதல் ஒவ்வொன்றாக முளைத்த ஃபேக்டரிகளுக்கு, விடியுமுன் பஸ் ஏறிப் போன தோட்டத்துப் பெண்களில் அவர் ஒருவர். மைக்ராஸ்கோப்பில் கண் பதித்து ஒரு தலைமுறையைக் கழித்தவர். “வோல்ட் பாத்தியா தம்பி?” என்றார். மீட்டரை வாங்கி, சிவப்பு முனையை இடது கையில் குச்சிபோலப் பிடித்து வைத்துப் பார்த்தார். இரும்புப்பெட்டி 5.1. பிறகு வீட்டுச் சார்ஜரைக் கொண்டுவரச் செய்து, அதே முழத் துண்டை எரியவிட்டுப் பார்த்தார். 4.6.

ரகசியம் வெளிப்பட்டது. அந்த விளக்குகள் தமக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தில் பத்தில் ஏழு பங்கு இருந்தால்தான் ‘ஆம்’ என்று ஒப்புக்கொள்ளும் சுபாவமுடையவை. இளைத்த சார்ஜரில் 4.6-க்குப் பத்தில் ஏழு 3.22, ஈ.எஸ்.பி. கொடுத்த 3.3 மயிரிழையில் தேறிற்று. செழித்த பெட்டியிலோ 3.57 வேண்டும், 3.3 தேறவில்லை. சோப்ளாங்கிச் சார்ஜர் மானத்தைக் காப்பாற்றியதும், நூற்றுச் சொச்சம் வெள்ளி கொடுத்து வாங்கிய உயர்ந்த பெட்டி மானத்தை வாங்கியதும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள்.

உடனே சுங்கை பட்டாணிக்கு மோட்டார் சைக்கிளில் பறந்து மேற்படி பி.எஸ்.எஸ். 138 கிராணியை வாங்கிவந்து பொருத்தினோம். நிலைமை முன்னிலும் மோசமாயிற்று! இந்தக் கட்டுரையின் ஆதாரமாகிய மௌனமே இங்கே சத்துருவாகிவிட்டது. ஒருவரும் மறுக்கவில்லை என்று நிச்சயமாகி, 10,000 ஓம் வழியாகக் கம்பி நிதானமாக மேலெழுவதற்குச் சுமார் அரை மைக்ரோ விநாடி ஆகிறது; இந்த விளக்குகளோ ஒரு முழு எழுத்தையே 1.25 மைக்ரோ விநாடியில் கேட்டு முடித்துவிடுகிறவை. கிராணி தொண்டையைக் கனைப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது. நிதானமாகப் பேசும் இடங்களில், உதாரணமாக சிறு திரைகளையும் வெப்பமானிகளையும் இணைக்கும் ஐ2சி கம்பிகளில், இவனைப்போல் உத்தமன் இல்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

முடிவில் காரியத்தைச் சாதித்தது 74எச்.சி.டி. 125 என்னும் பதினான்குகால் சில்லு. பழைய 7400 வம்சத்தின் பேரப்பிள்ளையாகிய இது, 2 வோல்ட் கேட்டாலே ‘ஆம்’ என்று புரிந்துகொள்ளும் குலவழக்கத்தைக் கைவிடாமல், தன் சொந்தக் குரலில் 5 வோல்டில் அதைத் திருப்பிக் கூவுகிறது. ஒரே திசையில்தான் பேசும். விளக்குக்குப் பதில் பேசும் வழக்கமில்லையாதலால் அது குறையன்று. அக்கா அதைப் பலகையில் வைத்து, கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடிக்கு மேல் சூடு காட்டாமல் பற்றவைத்து, நுனிநகத்தால் தட்டிப் பார்த்துக் கொடுத்தார். மாலை ஏழரைக்குக் குனோங் ஜெராய் மேகத்துக்குள் மறைந்துகொண்டிருக்க, வளைவில் மஞ்சள் ஓடிற்று. தலைவர் மறுபடி அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மேற்கண்ட சித்தாந்தத்தின்படி அதைச் சம்மதமாகக் கொண்டோம்.

வருஷாந்தரக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. பூமாலை, பந்தல், நாதஸ்வரம் என்று வாசித்துவந்தவன், இயல்பாகவே நான் எழுதிவைத்திருந்தபடி “கிராணி ஒருவர், இரண்டரை வெள்ளி” என்று வாசித்துவிட்டேன். பின்வரிசையிலிருந்து கணக்காய்வாளர் எழுந்து, சம்பளம் குறைவாக இருப்பதைத் தாம் ஆட்சேபிக்கவில்லை, ஆனால் அந்த ஆளுக்குச் சேமநிதியும் சொக்சோவும் கட்டியதற்கு ரசீது எங்கே என்று கேட்டார்.