திமிங்கிலத்தோடு நீந்த விரும்பும் மட்டக்களப்பாருக்கு

முதலில் ஒரு திமிங்கிலம் வேண்டும். கூனல் திமிங்கிலம் என்றால் உத்தமம். அது பாட்டுக்கார இனம். ஆண்தான் பாடும், ஒரே பாட்டை மணிக்கணக்காய். ரொஜர் பெய்ன் என்பவர் 1970இல் அதை இசைத்தட்டாகவே வெளியிட்டார். 1977இல் வொயேஜரில் ஏற்றி விண்வெளிக்கும் அனுப்பியாயிற்று. நம் வாவிக்கு மட்டும் இன்னும் கச்சேரி வைக்கவில்லை.

அழைப்பதில் சில சங்கடங்கள். வாவி நீளத்தில் குறைவில்லை, ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். ஆனால் பல இடங்களில் ஆள் நிற்கும் ஆழம்தான். நாற்பதடி விருந்தாளி எங்கே புரளுவார்? வாசலும் கோடையில் மணல் மூடிக் கிடக்கும். மாரி வெள்ளம் வயலில் ஏறி, விவசாயிகள் முறையிட்ட பிறகுதான் முகத்துவாரம் வெட்டுவார்கள். ஆகவே அழைப்பிதழில் கார்த்திகை, மார்கழி என்று போடுங்கள். வாவியில் முதலை இருப்பதைப் போட வேண்டாம்.

அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள். திருகோணமலையில் ஆழ்கடல் கரையருகே வந்து நிற்கிறது; கோடையில் நீலத் திமிங்கிலம் காணலாம். காணலாம், அவ்வளவுதான். 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி படகே நூறு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். குதித்தே தீருவேன் என்றால் தொங்கா நாட்டுக்குப் போகலாம்: யூலை முதல் ஒக்டோபர் வரை, வழிகாட்டியோடு, ஒரு நேரத்தில் நாலு பேர். விமானச் சீட்டின் விலையை விசாரித்துவிட்டு, நம் வாவியின் பாடும் மீனைக் கேட்கக் கல்லடிக்கு வாருங்கள்.

முகக்கண்ணாடி, மூச்சுக்குழாய் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தேவை ஒரு தோணி, ஒரு துடுப்பு, கோடைகாலத்துப் பூரணை நிலவு. கல்லடிப் பாலத்து ஆரவாரம் அடங்கியதும் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணியில் விட்டு மறுமுனையைக் காதோடு ஒட்டுங்கள். முதலில் உங்கள் நாடித்துடிப்புத்தான் கேட்கும். அதை மீன் என்று எண்ணி ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள் (நான் சொன்னேன்). பிறகு, மெல்லிய கம்பியை யாரோ தூரத்தில் சுண்டியதுபோல் ஒன்று. 1848இல் இங்கே தோணியிலிருந்து கேட்ட எமர்சன் தெனன்ற், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்த ஓசைக்கு அதை ஒப்பிட்டார். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியின் லாங் அடிகளார் ஒலிப்பதிவும் செய்தார். இலங்கை வானொலியில் ஒலித்தது. விண்வெளிக்குத்தான் யாரும் அனுப்பவில்லை.

பாடுவது மீனா, ஊரி என்னும் நத்தையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கும் அன்று பொறுக்கவில்லை. துடுப்பைக் காதிலிருந்து எடுத்து, "அண்ணன், இது மீனா ஊரியா?" என்றேன்.

தோணிக்காரர் தண்ணியைப் பார்த்தார்.

"ரெண்டையும் கலைச்சுப்போட்டாய் மனே."